ஐந்து மருந்தும் ஒரே டப்பாவில்

லூர்துராஜுக்கு வயது ஐம்பத்தொன்று. அவருடைய குரு மெஹருன்னிஸாவுக்கு முப்பத்து நாலு. திருச்சி பாலக்கரையில், ஒரு மாடியறையில், முகத்துக்கு க்ரீம் செய்யக் கற்றுக்கொடுக்கிற பெண். இருபத்தாறு வருஷம் மருந்துக்கடை நடத்திய மனிதர் அவளை வாய் நிறைய "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

கற்க வந்ததே மகள் செலினுக்காக. கன்னம் நிறையப் பரு. பரு ஆறிய இடமெல்லாம் குழி. வேலைக்குப் போகும்போதும் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு போகிற பிள்ளையைப் பார்த்தால் எந்த அப்பனுக்கு மனசு தாங்கும்?

டீச்சரிடம் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எது செய்தாலும் முதல் டப்பா மருந்தே சேராத வெறும் க்ரீம். செய்தவரே அதைப் பத்து நாள் தன் முகத்தில் போட வேண்டும். அப்புறம் ஒரு மருந்து. அது ஒத்துக்கொண்டால்தான் அடுத்தது.

லூர்துராஜுக்கு இது வெட்டி வேலையாகப் பட்டது. எந்த மருந்து எத்தனை சதவீதம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவர் ஆயிற்றே. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும், வீட்டு அடுப்படியிலேயே ஐந்து மருந்தையும் ஒரே க்ரீமில் கலந்து மகளிடம் கொடுத்துவிட்டார். நாலாம் நாள் செலினின் முகம் சிவந்து, தோல் உரிந்துவிட்டது.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு டீச்சரிடம் வந்தார்.

"என்னென்ன போட்டீங்கண்ணே?"

"பருவுக்கு சாலிசிலிக். கிருமிக்கு பென்சாயில் பெராக்சைடு. செத்த தோல் உரிய கிளைகாலிக். கருப்புத் தழும்புக்கு வைட்டமின் சி. குழிக்கு ரெட்டினால். அஞ்சும் நல்ல மருந்து டீச்சர். நான் விக்காத மருந்தா?"

அவள் டப்பாவைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவருக்கு விளங்கிவிட்டது. கன்னத்தில் பூசிக்கொண்டு உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரம் ஓடியது. கொஞ்ச நேரத்தில் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

"எரியுதா?"

"எரியுது."

"அஞ்சுல எது எரியுது?"

யோசித்துப் பார்த்தார். "தெரியலையே."

"சரி, போய் முகத்தைக் கழுவிட்டு வாங்க."

கழுவிக்கொண்டு வந்தவரிடம் கேட்டாள்: "இது குணமாக்கியிருந்தா, எது குணமாக்குச்சுன்னு தெரிஞ்சிருக்குமா?"

அதுவும் தெரிந்திருக்காது. அவருக்கு வெட்கமாகப் போயிற்று.

"தோல் டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டியாச்சு. ஒரு மாசத்துக்கு எந்த மருந்தும் வேணாம், வெறும் க்ரீம் மட்டும் போடுங்கன்னுட்டார்."

டீச்சர் சிரிக்கவில்லை. நாமாக இருந்தால் சிரித்திருப்போம்.

"செலின் என்ன சொல்லுது?"

"பேசவே மாட்டேங்குது. ரெண்டாம் நாளே சொல்லுச்சு, எரியுதுப்பா, வேணாம்ப்பான்னு. மருந்து வேலை செய்யுதும்மா, பொறுத்துக்கோன்னேன். இப்ப நான் உள்ள போனாலே முகத்தைத் திருப்பிக்குது. பரு கிடக்கட்டும் டீச்சர். பிள்ளை என்னை நம்பலேன்னா நான் என்ன பண்ணுவேன்?"

டீச்சர் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இன்னொன்றில் எண்ணெயும் மெழுகும் வைத்தாள். கரண்டியை அவர் கையில் கொடுத்தாள்.

பத்து நாள் வெறும் க்ரீமைத் தன் முகத்தில் போட்டார் லூர்துராஜ். பதினோராம் நாள் காலையில், செலினின் மேசையில் ஒரு டப்பாவை வைத்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"இதுல என்னப்பா போட்டிருக்கீங்க?"

"ஒண்ணும் போடலம்மா."

"நிஜமா?"

"நானே பத்து நாளா இதைத்தான் போட்டுக்கிட்டிருக்கேன். பாரு."

அவள் வெகுநேரம் அப்பாவின் கன்னத்தையே பார்த்தாள். பிறகு டப்பாவைத் திறந்தாள்.

ஒரு மாதம் போனது. சிவப்பு அடங்கியது. பருவும் குழியும் இருந்த இடத்திலேயே இருந்தன. டாக்டரும் பார்த்துவிட்டு, இனி மெதுவாக ஏதாவது ஒரு மருந்தைத் தொடங்கலாம் என்றார். அன்று சாப்பிடும்போது செலின் தானாகவே கேட்டாள்: "அடுத்து என்னப்பா?"

லூர்துராஜுக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிவிட்டு, டீச்சரின் மாடிப்படி ஏறி வந்துவிட்டார்.

"அவளே கேட்டுட்டா டீச்சர்! அஞ்சுல முதல்ல எதைப் போடட்டும்?"

மெஹருன்னிஸா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்:

"வேணாம்ப்பான்னு அவ சொன்னா, அன்னிக்கே எதை உங்களால நிறுத்திட முடியுமோ, அதைப் போடுங்கண்ணே."