தமிழைத் தேயவிடாத மொட்டைப்பாறைக்காரர்கள்

மொட்டைப்பாறை என்று ஓர் ஊர். மூளை அங்கே கடனுக்குக்கூடக் கிடைக்காது. அந்த ஊருக்குப் போய் ஒரு பேச்சாளர், "உலகத்தில் ஆயிரக்கணக்கான மொழிகள் இருக்கின்றன. பேசப் பேச எந்த மொழியும் மாறிக்கொண்டேதான் போகும்" என்று சொல்லிவிட்டு, சோடா குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். புண்ணியவானுக்கு வேறு ஊரே கிடைக்கவில்லை!

ஊர்த்தலைவர் ஆண்டிச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை. கூட்டம் போட்டார்.

"பேசுனா மாறிப்போகுமாம்ல? நம்ம தமிழைப் பேசாம பத்திரமா வச்சிருவோம். அடுத்தவன் மொழியப் பேசுவோம், அது தேயட்டும்."

"அடுத்தவன் மொழி நமக்குத் தெரியாதேண்ணே?" என்றான் வீரணன்.

"அட கூறுகெட்டவனே! ஆயிரக்கணக்குல கெடக்குதாம். வாயில என்ன சத்தம் வந்தாலும், அதுல ஏதாவது ஒண்ணுல அது வார்த்தையா இருக்காதா?"

அடேங்கப்பா, என்ன அறிவு! ஊர்க்கூட்டத்தில் மட்டும் தமிழ் பேசலாம், மற்ற நேரத்தில் கூடாது என்று முடிவாயிற்று. மறுநாள் வாய்க்கு வந்த சத்தத்தில் உப்புக் கேட்டுப் போனவளுக்கு விளக்குமாறு கிடைத்தது. அந்த மகராசியும் வாங்கிக்கொண்டு போனாள்.

அப்போதுதான் ஒச்சு என்பவன் ஊர்க் கிணற்றில் விழுந்தான். நீச்சல் தெரியாது. சுவரில் முளைத்த வேரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, "காப்பாத்துங்க!" என்று அலறினான்.

தலைவர் ஓடிவந்து கிணற்றடியிலேயே கூட்டத்தைக் கூட்டினார். "டேய் ஒச்சு, கூட்டம் மேல நடக்குது. நீ உள்ள கெடக்க. தமிழ் பேசாத!"

சட்டத்துக்குப் பயந்த ஜென்மம் அது. "கும்மரா! ஜிப்புலோ!" என்று கத்தினான்.

"என்னடா கேக்கிறான்?"

"மோர் கேக்கிற மாதிரி இருக்குண்ணே."

செம்பில் மோரை இறக்கினார்கள். வேர் அறுந்துகொண்டிருந்தது.

ஒச்சுவின் பெண்டாட்டி விருமாயி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "எம்புருசன் சாகப்போறான், மோரா எறக்குறீக, எடுபட்ட பயலுகளா!" தென்னையில் கயிற்றைக் கட்டி உள்ளே வீசினாள். ஒச்சு ஏறி வந்துவிட்டான்.

வந்தவன் தலைவரின் பரம்பரையையே இழுத்துத் தமிழில் திட்டினான். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கேட்டீகளாடா! எங்க தாத்தா திட்டுன அதே திட்டு. ஒரு எழுத்து மாறலையே! கெணத்துக்குள்ள இருந்தா மொழி கெடாதுடா!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் அவர் குதித்தார். பின்னாலேயே ஊரும் குதித்தது. வீரணன் மட்டும் விளிம்பில் தயங்கி நின்றான்.

"எனக்கு நீச்சல் தெரியாதேண்ணே?"

உள்ளிருந்து தலைவர் முங்கி எழுந்து கத்தினார்:

"எங்களுக்கு மட்டும் தெரியுமாக்கும்? குதிடா!"