பாசி தழைக்கும் இடம்

முழுக்கக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். அவசரப்பட்டால் நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

கடலோரப் பல்கலைக்கழகம் ஒன்றில் சகாயமேரி என்று ஓர் ஆய்வாளர். கடலைப் பார்த்த ஜன்னலும் தண்ணீர்த் தொட்டிகளுமாக ஓர் ஆய்வறை தனக்கென்று கிடைக்காதா என்று ஏங்கி ஏங்கியே அவளுக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. ஒருவழியாக அறை காலியானது. ஆய்வு மதிப்பீட்டில் முதலில் வருபவருக்கு அது என்றார்கள்.

அதற்கு ஒரே விதி. பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில், யாரும் காசில்லாமல் படிக்கும்படி முழுதாகத் திறந்திருக்கும் கட்டுரைக்குத்தான் மதிப்பெண். மேரியின் கட்டுரையை அடித்துக்கொள்ள ஆளில்லை. வெட்டிய கடல்பாசி எங்கே, எப்படி மறுபடி தழைக்கிறது என்று, பாசி எடுக்கும் பெண்களோடு தானும் மூழ்கிப் பார்த்து எழுதியது. ஆனால் அதைக் களஞ்சியத்தில் பூட்டி வைத்திருந்தாள். பாசி தழைக்கும் பாறைகளை அவர்கள் காட்டித் தந்த அன்று, இடத்தை வெளியே சொல்லமாட்டேன் என்று படகில் இருந்த அத்தனை பெண்களுக்கும் வாக்குக் கொடுத்திருந்தாள்.

களஞ்சியத்தைக் கவனிக்கும் நூலகர் நூருன்னிசா கெஞ்சினாள். "அரசாங்கப் பணத்துல செஞ்ச ஆராய்ச்சி மேடம். ஊருக்கே சொந்தம். திறந்துடுங்க."

"இடத்தை மட்டும் மறைச்சுப் போட்டா?" என்றாள் மேரி.

"சரிபார்க்க முடியாதுன்னு தள்ளிடுவாங்க."

மேரி கரைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண்களுக்குத் தலைவியான காளீஸ்வரி, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றிய துணியை அவிழ்த்தபடியே கேட்டுக்கொண்டாள். "ஒங்க ஆசை எனக்குத் தெரியாதா டீச்சர்? நான் சொல்றேன், போடுங்க. பெரிய யாவாரி ஆள் வச்சு வழிச்சுட்டுப் போனா, நாங்க இன்னும் ஆழத்துல போயி முங்கிக்கிறோம்."

கடைசி நாள் வந்தது. நூருன்னிசா கணினியைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். இடங்களின் பெயரை அழித்துவிட்டு மீதியைத் திறக்கச் சொன்னாள் மேரி. மதிப்பெண் கிடைக்கவில்லை. அறை வேறொருவருக்குப் போனது.

ஊர்ச்சொத்தைத் திறக்கச் சொன்னவள் நூருன்னிசா. வாக்கிலிருந்து விடுவித்தவள் காளீஸ்வரி. விடுவித்த பிறகும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றவள் மேரி. இப்போது சொல்லுங்கள், இவர்களில் யார் செய்தது சரி?

விடை: நூருன்னிசா சொன்னது நியாயம்தான். அதனால்தான் பாசி தழைக்கும் விதத்தை மேரி ஊருக்குத் திறந்துவிட்டாள். காளீஸ்வரிக்குப் பெரிய மனசு. ஆனால் வாக்கு அவள் ஒருத்திக்குக் கொடுத்தது அல்ல. எல்லோர் பிழைப்பையும் அவள் ஒருத்தி விட்டுக்கொடுக்க முடியாது. ஆகவே மேரி செய்ததே சரி. சரியாகச் செய்தால் ஏக்கம் தீர்ந்துவிடுமா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். இன்றைக்கும் அவள் பேருந்துக்குச் சுற்றுவழியாகத்தான் போகிறாள். அந்த ஆய்வறையின் ஜன்னல் அந்தச் சுற்றுவழியில்தான் இருக்கிறது.