காலில் இறங்கிய தண்ணீர்

ஆற்றங்கரை மடத்துக்கு வந்ததிலிருந்து பூவராகனுக்கு ஒரே கேள்விதான். செத்துப்போன மனைவியை எப்படி மன்னிப்பது?

மடத்தின் குரு தவமணி அம்மை. பூவராகனுக்கு மகள் வயதுதான் இருக்கும். அப்படி உங்கள் மனைவி என்ன செய்துவிட்டார் என்று அம்மை கேட்டார்.

"பொய் சொன்னாள் அம்மா."

பேருந்து நிலையத்துக்கு எதிரே அவர்களுக்கு ஒரு வடைக்கடை இருந்தது. இவர் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். மனைவி கோமளம் காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பாள். வயது ஏற ஏற, படுத்த பிறகு சிறுநீர் கழிக்க அடிக்கடி எழுந்திருக்க ஆரம்பித்தாள். கதவு கிறீச்சிடும். இவருக்குத் தூக்கம் கெடும். தண்ணீர் குடித்தால்தானே இந்தத் தொல்லை என்று, பொழுது சாய்ந்ததும் குடத்தை எடுத்துத் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அப்படியும் எழுந்தாள். எங்கேயோ ஒளித்து வைத்துக் குடிக்கிறாள் என்று தம்ளரைத் தடவிப் பார்ப்பார். காய்ந்துதான் இருக்கும். துடைத்து வைத்திருக்கிறாள், கெட்டிக்காரி என்று நினைத்துக்கொள்வார். குடிக்கவில்லை என்று அவளும் எத்தனையோ தரம் சொன்னாள். பிறகு சொல்வதையே விட்டுவிட்டாள். ஆடி மாதத்தில் ஒரு நாள், விடிந்தும் எழுந்திருக்கவில்லை.

"கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அதுதான் அம்மா மனசு ஆறவில்லை."

நாளைக்கு அன்னதானம், வடை போடுவது உங்கள் வேலை என்றார் அம்மை. பந்தியெல்லாம் முடியும் வரை உட்காரக் கூடாது. பொழுது சாய்ந்த பிறகு தண்ணீரும் கூடாது.

மறுநாள் பூவராகன் அடுப்படியில் நின்றார். முதல் ஈடு கருகிப்போனது. வடைக்கடை முதலாளிக்குத் தின்னத்தான் தெரியும்போல என்று சமையல்கார சொர்ணம் சிரித்தாள். மத்தியானத்துக்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. கடைசிப் பந்தி எழுந்தபோது கணுக்கால் இருந்த இடமே தெரியவில்லை.

அம்மை வந்து பார்த்தார். காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னார். அழுத்திய இடம் குழி விழுந்து அப்படியே நின்றது.

"என்ன அம்மா இது?"

"தண்ணீர். நின்று நின்று இறங்கியது. போய்ப் படுங்கள்."

காலையில் சிவந்த கண்ணோடு வந்தார். நன்றாகத் தூங்கினீர்களா என்று அம்மை கேட்டார்.

"எங்கே அம்மா? எழுந்து எழுந்து போனதிலேயே விடிந்துவிட்டது."

"தண்ணீர் குடித்தீர்களா?"

"இல்லை."

"ஒரு வாய்கூடவா?"

"நான் குடிக்கவில்லை அம்மா."

மாவாட்டிக்கொண்டிருந்த சொர்ணம் தலையைத் தூக்கினாள். "ஆமாம், குடித்தவர் யார் குடித்தேன் என்று சொல்லியிருக்கிறார்கள்?"

பூவராகனுக்குச் சுருக்கென்றது. இந்த வயதில் ஒரு வாய்த் தண்ணீருக்காகப் பொய் சொல்லுவேனா என்று அவளிடம் சண்டைக்குப் போனார். அம்மை மறுபடியும் காலை அழுத்திப் பார்க்கச் சொன்னார். குழி விழவில்லை. வீக்கம் வடிந்து, கணுக்கால் எலும்பு பழையபடி தெரிந்தது.

"உடம்புக்கும் பகலும் இரவும் உண்டு, ஐயா. இருட்டினால் சிறுநீரகம் தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் இளவயதில் விடிய விடியத் தூங்குகிறோம். வயதானால் அந்த ஒழுங்கு தளர்ந்துபோகும். பகலெல்லாம் காலில் நின்ற தண்ணீரும், படுத்த பிறகுதான் மேலே ஏறி வரும். வந்தது வெளியே போகத்தானே வேண்டும்?"

பூவராகன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். சொர்ணம் ஆட்டுவதை நிறுத்திவிட்டாள். கோமளம் எத்தனையோ தரம் சொன்னதையே அவரும் மெல்லச் சொன்னார்.

"நான் குடிக்கவில்லை அம்மா."

"நம்புகிறேன், ஐயா" என்றார் அம்மை.