வரிசையில் நின்ற முதலாளி

மொட்டப்பாறைக்காரன் புத்தியைப் பற்றி அடுத்த ஊர்க்காரன் சொல்லிச் சிரிப்பதற்கு முந்தி, அதே ஊரில் பிறந்த நானே சொல்லிவிடுகிறேன். அவன் சொன்னால் குறைத்துச் சொல்லிவிடுவான்.

எங்கள் ஊர் வெள்ளைப்பாண்டிக்குப் பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு சேவுக்கடை. கட்டடம் மாமனார் சிவனணைந்தாருடையது. கடையில் மாப்பிள்ளை ஈ ஓட்டுகிற சத்தம் அவர் காதுவரை போய்விட்டது.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாரேன் மாப்ள. கூட்டம் நின்னா சாவி உங்களுக்கே. நிக்கலேன்னா செல்போன் கடைக்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான், குடுத்துருவேன்" என்று சொல்லிவிட்டார்.

வெள்ளைப்பாண்டிக்குச் சேவு தவிர வேறொன்றும் பிழியத் தெரியாது. மூளையைப் பிழிந்து பார்த்தான், ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்து டவுன் கல்யாண மண்டபத்தில் சிறு வியாபாரிகளுக்கு இலவசக் கூட்டம். டை கட்டின ஒருத்தர் பேசினார்: "முதலாளி மனசு மாறாம வியாபாரம் மாறாது. ஒருநாள் உங்க கடையில நீங்களே வாடிக்கையாளரா நின்னு பாருங்க, குறையெல்லாம் தெரியும். வாடிக்கையாளருக்கு எப்பவும் முதலிடம் குடுங்க."

கூட்டத்தில் டீயும் கொடுத்தார்கள். குடித்த டீக்காவது செய்து பார்க்க வேண்டுமல்லவா?

வெள்ளிக்கிழமை காலையில் கடையைத் திறந்து, சேவு மொத்தத்தையும் தட்டில் குவித்துவிட்டு, வெளியே வந்து வாசலில் நின்றான். பின்னால் மச்சினன் கொம்பையா. அவனுக்குப் பின்னால் சேவு போடுகிற மாஸ்டர் அய்யாக்குட்டி.

உள்ளே யாரும் இல்லை.

ரொம்ப நேரம் கழித்துக் கொம்பையா சொன்னான்: "அத்தான், என்ன வேணும்னு கேக்க ஒரு நாதி இல்லியே."

"பாத்தியா, குறை தெரிய ஆரம்பிச்சிட்டு." வெள்ளைப்பாண்டிக்குப் பூரிப்பு. டை கட்டினவர் லேசுப்பட்ட ஆள் இல்லை.

"நான் வேணா உள்ள போயி நிக்கட்டுமா முதலாளி?" என்றார் அய்யாக்குட்டி.

"நீரு உள்ள போனா கேக்க ஆள் வந்துருமே. அப்புறம் குறை எப்படித் தெரியும்?"

அய்யாக்குட்டி யோசித்தார். "அதுவும் சரிதான். இருக்குற குறையைக் கெடுத்துரக் கூடாது."

பஸ் வந்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் வரிசையைப் பார்த்தால் முதலில் நிற்பார்கள், அப்புறம்தான் எதற்கென்று கேட்பார்கள். வந்தவர்கள் வாடிக்கையாளர்கள், முதலிடம் அவர்களுக்குத்தானே? மூன்று பேரும் வழிவிட்டுக் கடைசிக்குப் போனார்கள். அடுத்த பஸ் வந்தது. மறுபடியும் கடைசி. மத்தியானத்துக்கு மேல் வரிசை ரேஷன் கடையைத் தாண்டிவிட்டது.

"ஏ வெள்ளைப்பாண்டி, கடைக்குள்ள யாருதான் இருக்கா?" என்று ஒருவர் கேட்டார்.

"தெரியலண்ணாச்சி. நானும் காலையிலருந்து பாக்கேன்."

சாயங்காலம் சிவனணைந்தார் வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்து அவர் கண் கலங்கிவிட்டது. வரிசைக் கடைசியில் மாப்பிள்ளை.

"மாப்ள, நீங்க ஏன் இங்க நிக்கிய?"

"மாமா, இன்னைக்கு நான் வாடிக்கையாளர். கடை விஷயமெல்லாம் உள்ள போயிக் கேளுங்க."

உள்ளே போனார். போனதுதான் தாமதம், "பெரியவரே, கால் கிலோ" என்று கைகள் நீண்டன. அவரும் மொட்டப்பாறை ரத்தம்தானே. ஏன், எதற்கென்று கேட்காமல் தராசைத் தூக்கிவிட்டார்.

வரிசை நகர்ந்தது. வெள்ளைப்பாண்டி முன்னால் வந்து சேர்ந்தபோது தட்டில் தூள்கூட இல்லை.

"தீந்துபோச்சு மாப்ள. இப்படி ஒரு கூட்டத்தை என் ஆயுசுல பாத்ததில்ல. இந்தாங்க சாவி. இனி கடை உங்களுக்குத்தான்."

வெள்ளைப்பாண்டி சாவியைப் பார்த்தான். நாள் பூரா நின்ற கால் கடுத்தது.

"சாவி கெடக்கட்டும் மாமா. விடிஞ்சதுலருந்து நிக்கிற மனுசனுக்குக் கால் கிலோ சேவு குடுக்க வக்கில்ல. இந்தக் கடை எனக்கெதுக்கு?"

"முதலாளி கேக்குறது நியாயம்" என்றார் அய்யாக்குட்டி.

"எங்கப்பா கடைன்னாலும் நியாயம் நியாயந்தான்" என்றான் கொம்பையா.

மூன்று பேரும் ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனார்கள். எதிர்க்கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டே, "என்னப்பா, சொந்தக் கடையை விட்டுட்டு இங்க வந்து நிக்கிய?" என்று கேட்டார்.

வெள்ளைப்பாண்டி அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அந்தக் கடையில சரக்கு நல்ல சரக்குத்தாண்ணாச்சி. முதலாளிதான் சரியில்ல. இன்னைக்குப் பூரா ஆளையே காணோம்."