ஐம்பது மடங்கு நடுக்கம்

ஆற்றுப்பாலத்தைச் சோதிக்க வந்த நிபுணர் சர்வோத்தமன், கருவி பதிவு செய்த அசைவை ஃபூரியர் முறைப்படி அலை அலையாகப் பிரித்தார். ஒவ்வொரு அலையையும், அது நொடிக்கு எத்தனை தடவை அடிக்கிறது என்ற அதிர்வெண்ணால் பெருக்கிச் சேர்த்தால் அசைவின் வேகம் தெரிந்துவிடும். திரையில் கோடு மலை மலையாக எழுந்தது.

"பாலம் பயங்கரமா நடுங்குது. இன்னிக்கே மூடுங்க!"

அக்கரை ஊர்களுக்கு ஆஸ்பத்திரி போக வேறு வழியில்லை. கேபிள் இழுக்கும் வேம்பரசி மெல்லச் சொன்னாள்: "சார், நடுங்குறது பாலம் இல்லீங்க."

"என் கணக்குல ஒரு எழுத்தைக்கூட மாத்தாம நிரூபி பார்க்கலாம். முடியலேன்னா நாளைலேருந்து வேலைக்கு வராதே."

வேம்பரசி கருவியைக் கழற்றி, கரையில் யானை உயரத்துக்குக் கிடந்த பாறையில் பொருத்தினாள். கணக்கு மறுபடி ஓடியது. அதே மலைகள்.

"இந்தப் பாறையையும் மூடிடலாங்களா சார்?"

கூடி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"நம்ம கேபிளை ஒட்டி ஜெனரேட்டர் ஒயர் போகுதுங்க, அதோட இரைச்சல் இதுலயும் ஏறிடுது. பாலம் நொடிக்கு ஒரு தடவை அசையுது. கரண்டு இரைச்சல் அம்பது தடவை. துளி இரைச்சலை உங்க பெருக்கல் அம்பது மடங்கு ஊதிடுச்சு."

அந்த அலையை மட்டும் சர்வோத்தமன் நீக்கிப் பார்த்தார். பாலம் நன்றாகவே இருந்தது.

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"காலைலயே சொன்னேங்க. கேபிள் இழுக்குறவ பேசக்கூடாதுன்னீங்க."