துண்டுக்குள் இருந்த கை

முன்னொரு காலத்தில் மஞ்சாடிபுரத்தைக் கோமதிராயர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு சட்டம், மாலையில் ஒரு சட்டம் போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. தண்டோரா போடுகிறவனுக்கு அந்த நாட்டில் ஓய்வே கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தையில், தண்ணீர்த் தொட்டிக்கு யார் முந்துவது என்று இரண்டு ஊர்க்காரர்களுக்குள் கைகலப்பு வந்தது. கல்லெறியில் ஒரு வண்டிக்காரனுக்குக் கண் போய்விட்டது. காவலர்கள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாவம், அவர்கள் தளவாய் மருதநம்பி வீட்டுக் காதுகுத்து விருந்தில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ராஜா சபையில் கொதித்தார். குற்றம் தன் தலையில் விழுமுன் தளவாய் முந்திக்கொண்டார்.

"மகாராஜா, கைப்பிடி அளவு காவலர் எத்தனை இடத்தில் நிற்பார்கள்? குடிகள் கையிலேயே வாளைக் கொடுத்துவிடுங்கள். கலகம் என்றால் பக்கத்தில் நிற்கிறவனே பாய்ந்து அடக்கிவிடுவான்."

ராஜாவுக்கு இது பிடித்துப்போயிற்று. மந்திரி குழைக்காதர் மட்டும் தொண்டையைச் செருமினார்.

"பாய்கிறவனுக்கு, எவன் கலகக்காரன், எவன் விலக்க வந்தவன் என்று எப்படித் தெரியும்?"

"கண் இருக்கிறவனுக்குத் தெரியும். நான் ஒரே பார்வையில் சொல்லிவிடுவேன். மாட்டுத் தரகர் மகனுக்கு வாளைக் கண்டால் பயம் போலிருக்கிறது."

சபை சிரித்தது. குழைக்காதரின் அப்பா மாட்டுத் தரகர்தான். அந்த வீட்டுப் பிள்ளை விரலில் முத்திரை மோதிரம் ஏறியதைத் தளவாயால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. குழைக்காதருக்குச் சுருக்கென்றது, காட்டிக்கொள்ளவில்லை.

"பயம்தான். அதனால் தலை உருளாமல் சோதித்துப் பார்ப்போம். அடுத்த செவ்வாய்க்கிழமை தளவாயும் சபையோர் பத்துப் பேரும் சந்தையில் நிற்கட்டும். வெள்ளை உடுப்பு, புழுதிக்கு மாட்டுக்காரர்கள் கட்டுவதுபோல முகத்தில் துண்டு. நிஜக் கலகத்தில் மட்டும் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியுமா என்ன? கையில் மரவாள். அதன் விளிம்பில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த சிவப்புச் சாந்து. யாருக்கு வெட்டு விழுந்தது என்பதை உடுப்பே சொல்லிவிடும். நான் எந்த ஏற்பாடும் செய்யமாட்டேன்."

"கலகமே வராவிட்டால்?" என்றார் ராஜா.

"நான் தோற்றவன்."

"தோற்றால் உன் மோதிரம் தளவாய் விரலுக்குப் போகும். நானும் அதே வேஷத்தில் மரவாளோடு வருகிறேன்."

அந்த வாரம் முழுக்கக் குழைக்காதருக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. மோதிரம் போனால் போகட்டும். ஊரார் கையில் வாள் வந்துவிட்டால் அடுத்த சண்டையில் ஒரு கண்ணோடு போகுமா?

செவ்வாய்க்கிழமை வந்தது. வெயில் ஏறும்வரை ஒன்றும் நடக்கவில்லை. தளவாய் மந்திரியின் மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புளியமரத்தடியில் ஒரு காட்சி அவர் கண்ணில் பட்டது. இரண்டு பேர் முகத்தோடு முகம் ஒட்டி நிற்கிறார்கள். இருவர் கையும் ஒரே துண்டுக்குள். உள்ளே ஏதோ நெளிகிறது. ஒருவன் பல்லைக் கடிக்கிறான். மற்றவன் தலையைத் தலையை ஆட்டுகிறான்.

"துண்டுக்குள் கத்தி வைத்திருக்கிறான்" என்று தளவாய் பாய்ந்து ஒருவன் தோளில் போட்டார் ஒரு போடு.

பொக்கிஷக்காரர் அந்தப் பக்கம் திரும்பியது அப்போதுதான். அவர் கண்டது, வெறுங்கையனை ஒருவன் வாளால் அடிப்பதை. விடுவாரா? தளவாய் முதுகில் வெட்டினார். அதைப் பார்த்த புரோகிதர் பொக்கிஷக்காரரை வெட்டினார். மற்றவர்களும் ஆளுக்கொரு திசையிலிருந்து வந்து விழுந்தார்கள். "நிறுத்துங்கள்" என்று கத்திக்கொண்டே வாளை ஓங்கியபடி ராஜாவும் உள்ளே ஓடினார். ஓங்கிய வாளைக் கண்ட யாரோ அவர் கழுத்தில் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார்கள்.

காளைகள் மிரண்டு கயிற்றை அறுக்கத் தொடங்கின. கூழ் விற்கும் உலகம்மாள், மாட்டுக்கு வைத்திருந்த கழுநீர்ப் பானையைத் தூக்கி வந்து அத்தனை பேர் தலையிலும் ஊற்றினாள்.

"மாடு மிரளுது, கிறுக்குப் பயலுவளா. கம்பக் கீழ போடுங்கலே."

எல்லோரும் போட்டுவிட்டார்கள், ராஜா உட்பட.

துண்டுக்காரர்கள் இருவரும் இன்னும் துண்டை விடவில்லை. குழைக்காதர் அவர்களிடம் போய், "என்ன விஷயம்?" என்றார்.

"வெல பேசிக்கிட்டிருந்தோம் சாமி. துண்டுக்குள்ள வெரலப் பிடிச்சுத்தான பேசுவோம்? பக்கத்துல நிக்கிறவனுக்கு வெல தெரியக் கூடாதுல்லா. இந்த மனுசன் வந்து என் தோள்ல போட்டுட்டாரு" என்று அடிபட்ட தரகர் துண்டை விலக்கிக் காட்டினார். வெறும் கைதான்.

அரண்மனைக்கு மாடு தானாக வந்து சேரும். விலை பேசுவதைத் தளவாய் எங்கே கண்டார்?

ஈரத் துணியோடு அப்படியே சபை கூடியது. குழைக்காதர் எழுந்தார்.

"தளவாய் முதுகில் சிவப்பு. சபையோர் பத்துப் பேர் உடுப்பிலும் சிவப்பு. தரகர் தோளில் ஒன்று, மகாராஜா கழுத்தில் ஒன்று. இவர்களில் கலகக்காரர் யார் என்று தளவாய் ஒரே பார்வையில் சொல்லட்டும்."

தளவாய் துண்டை எடுத்துத் தன் முதுகை மூடிக்கொண்டார்.

"என் கழுத்தில் போட்டது யார்?" என்றார் ராஜா.

தளவாய் காலில் விழுந்தார். "மகாராஜா, வாளை ஓங்கி வந்தீர்கள். கலகக்காரன் என்று நினைத்துவிட்டேன்."

"நான் விலக்க வந்தேனடா."

"நானும் விலக்கத்தான் வந்தேன், மகாராஜா."

அன்று மாலையே தண்டோரா போட்டார்கள்: கலகம் கண்டால் கூவு, விழுந்தவனைத் தூக்கு, ஆயுதத்தைத் தொடாதே. இனிச் செவ்வாய்தோறும் முதல் மாடு வருமுன் காவலர் சந்தையில் நிற்க வேண்டும். கடைசி மாடு போகும்வரை தளவாயும் கூடவே நிற்க வேண்டும். அதுவரை அவருக்கு ஆகாரம் உலகம்மாள் கூழ்தான். கண் போன வண்டிக்காரன் வீட்டுக்கு நெல் தளவாய் களஞ்சியத்திலிருந்து போக வேண்டும். உலகம்மாளுக்கு ஒரு கறவை மாடு பரிசு. அதை வாங்க ராஜாவே துண்டுக்குள் கைவிட்டு விலை பேசினார். எந்த விரலைப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தவர் மாட்டுத் தரகர் மகன் குழைக்காதர்.

மஞ்சளும் சுண்ணாம்பும் பட்ட கறை லேசில் போகுமா? ராஜா கழுத்தில் அது பத்து நாள் இருந்தது. அதற்குப் பிறகும் சபையில் யாராவது குடிகளுக்கு வாள் கொடுக்கலாமே என்று ஆரம்பித்தால், அவர் கழுத்தைத் தடவிக்கொண்டு, "நல்லவேளை, மரம்" என்பார். பேச்சு அதோடு நின்றுவிடும்.