பழைய காருக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு

"ஏல இசக்கி, இஞ்சினைத் திறக்காத. உள்ளே சுத்தம் பண்ணியாச்சுன்னு மட்டும் சொல்லு. மாத்திச் சொன்னா உன் ஷெட்டு இருக்காது" என்றார் கவுன்சிலர் தங்கமாரி. மெக்கானிக் இசக்கி தலையாட்டினான். பக்கத்து ஷெட்டை இவர்தான் இடிக்கவைத்தார்.

கவுன்சிலரின் பழைய காரை வாங்க வந்த சேர்மக்கனி, "இஞ்சின் சுத்தமா தம்பி?" என்றார்.

கவுன்சிலர் முறைத்தார்.

"சுத்தம் பண்ணியாச்சு அண்ணாச்சி. கண்ணு பட்டுரும், திருஷ்டிப் பொட்டு வச்சிருதேன்" என்றான் இசக்கி.

மை தேடி அவன் எங்கும் போகவில்லை. பானெட்டைத் தூக்கி, இஞ்சினின் ஆயில் மூடியைத் திருகி எடுத்தான். அதன் அடியில் அப்பியிருந்த பழைய ஆயிலின் கரும்பிசினை வழித்து, விரலால் முன்கண்ணாடியில் வைத்தான். பொட்டு வடை கனத்துக்கு நின்றது.

பொட்டைத் தொட்டுப் பார்த்த சேர்மக்கனி, கையிலிருந்த கார் சாவியைக் கவுன்சிலரிடமே திருப்பி நீட்டினார். "பொட்டு பலிச்சிட்டு தம்பி. எனக்குத் திருஷ்டி கழிஞ்சிட்டு."

"என்னல பண்ணுன?" என்று கவுன்சிலர் இசக்கியின் சட்டையைப் பிடித்தார்.

"நீங்க சொல்லச் சொன்னதைத்தானேய்யா சொன்னேன்!"